ஒர்க்‌ஷாப்பில் பாதி வந்தது... மீதி எங்கே?

(மூன்றாமாண்டு மின்னியல் பிரிவு மாணவன், கரையாம்புத்தூர்)



கவிதையும் காதலும் கல்லூரிச் சிரிப்பும் நிறைந்த இந்த மலரில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டில் நாம் எல்லோரும் செய்த ‘வி’ ஃபிட்டிங் ஞாபகம் இருக்கிறதா? ஐம்பதுக்கு ஐம்பது எம்.எஸ். பிளேட் இரண்டு. சாக்பீஸ் தடவி, ஸ்கிரைபரால் கோடு கீறி, பஞ்ச் வைத்து, ஹாக்ஸா பிளேடை நாலு முறை உடைத்து, பிறகு அரம் எடுத்து ராவு ராவு என்று ராவி, டிரை ஸ்கொயரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ‘சார், லைட் தெரியலை சார்’ என்று நீட்டினோமே, அதேதான். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. சார் பார்த்தார், நம்பர் பஞ்ச் அடித்தார், மார்க் போட்டார். அப்புறம்? அந்தத் துண்டு எங்கே போயிற்று?

ஸ்கிராப் தொட்டிக்கு!

கார்பென்டரி ஷாப்பில் டவ்டெயில் ஜாயின்ட் செய்தோம். அது அடுப்புக்குப் போனது. ஃபவுண்டரியில் மோல்டு போட்டோம். உலோகம் ஊற்றாமலேயே உடைத்து மணலைச் சலித்து அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்தோம். ஒயரிங் ஷாப்பில் படிக்கட்டு விளக்குக்குக் கனெக்‌ஷன் கொடுத்தோம். எரிந்தது. கைதட்டினோம். உடனே கழற்றினோம். மூன்று வருஷத்தில் நம் கை தொட்டுச் செய்த பொருள்களில் ஏதாவது ஒன்று யாருக்காவது ஒருநாளாவது பயன்பட்டதா? வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘ஹாஸ்டல் கதவுக்குக் கொக்கி அடிச்சோமே!’ என்றான் ஒருவன். அதுவும் வார்டனுக்குத் தெரியாமல் அடித்தது.

இதை நம் ஆசிரியர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. இந்தப் பழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஊர் மாஸ்கோ.

1868-ஆம் ஆண்டு. மாஸ்கோ இம்பீரியல் டெக்னிக்கல் ஸ்கூலில் இயக்குநராக இருந்தவர் விக்டர் டெல்லா-வோஸ். அதுவரை தொழில் கற்க வேண்டுமென்றால் ஒரு மேஸ்திரியிடம் ஏழெட்டு வருஷம் எடுபிடியாக நிற்க வேண்டும். அவர் மனசு வைத்தால் சொல்லித் தருவார், இல்லாவிட்டால் டீ வாங்கி வரச் சொல்வார். (இன்றைக்கும் பல பட்டறைகளில் அதே சிலபஸ்தான்!) டெல்லா-வோஸ் தொழிலை உடைத்துப் பார்த்தார். ராவுவது ஒரு பயிற்சி, கடைவது ஒரு பயிற்சி, இணைப்பது ஒரு பயிற்சி. எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தொழிலுக்கும் தனி ஷாப், ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடம், தனி டூல் என்று வைத்தார். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பலருக்குச் சொல்லித் தர முடிந்தது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தப் பயிற்சி மாடல்களை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். எம்.ஐ.டி.யின் தலைவராயிருந்த ஜான் ரன்க்கிள் பார்த்தார், அசந்து போனார், தன் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. நம் ‘வி’ ஃபிட்டிங்கின் முகத்தில் அந்தக் குடும்பச் சாயல் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் கதையில் ஒரு பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. மாஸ்கோவில் இரண்டு விதமான ஒர்க்‌ஷாப் இருந்தன. ஒன்று, பயிற்சி ஷாப். அதை முடித்தவன் இரண்டாவதற்குப் போவான். அது உற்பத்தி ஷாப். வெளியாரிடம் நிஜ ஆர்டர் வாங்கி, நிஜ இயந்திரம் செய்து, நிஜமாக விற்ற இடம். முதல் ஷாப்பில் கற்ற அரமும் கடைசலும் இரண்டாவது ஷாப்பில் ஒரு முழுப் பொருளாக மாறும். ரன்க்கிள் கல்லூரிக்கு முதல் பாதி போதும் என்றார். கல்லூரியின் வேலை போதிப்பது, பொருள் செய்வது இல்லை என்பது அவர் கட்சி. உலகம் அவர் பின்னால் போனது. நாமும் போனோம். நம்மிடம் இருப்பது பாதி ஒர்க்‌ஷாப்.

இதற்கு நேர் எதிராக ஒரு வழியும் அதே காலத்தில் இருந்தது. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் நடத்திய ‘ஸ்லாய்டு’ முறை. அங்கே பையன் செய்யும் முதல் பொருளே வீட்டுக்கு ஆகிற பொருள். அகப்பை, கைப்பிடி என்று ஏதோ ஒன்று. செய்து முடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கோணலாகச் செய்தால் மார்க் குறைகிறதோ இல்லையோ, அம்மா குழம்பு கிளறும்போது திட்டுவார். அதைவிடக் கறாரான எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எங்கே கிடைப்பார், சொல்லுங்கள்!

நம் நாட்டிலும் யோசிக்காமல் இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றிக் கற்பிக்க வேண்டும் என்று பேசினார்கள். ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டுப் பாடத்திட்டம் எழுதினார்கள். பின்னால் அது பள்ளிக்கூடங்களில் தக்ளி சுற்றும் ஒரு பீரியடாகச் சுருங்கி, அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கி, காணாமல் போனது.

அதே 1937-இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பின்னர் 1945-இல் ஜி.டி. நாயுடுவின் நன்கொடையில் அந்த ஊரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. அவரே முதல்வராக இருந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் கேட்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போனார். ரெண்டு வருஷம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மோட்டாரைக் கையால் செய்து பார்த்த ஒரு மனிதர் நம் படிப்பைப் பார்த்து ஏன் பொறுமை இழந்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, மாஸ்கோவும் ஸ்வீடனும் இருக்கட்டும். நம் ஊருக்கு வருவோம்.

கரையாம்புத்தூர், பாகூர் பக்கமெல்லாம் நெல், கரும்பு, சவுக்கு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும். வாய்க்காலில் தண்ணீர் வராத நாளில் எல்லோருக்கும் போர்வெல்தான் கதி. போர்வெல் என்றால் மோட்டார். மோட்டார் என்றால் என்றாவது ஒருநாள் புகை!

புகை வந்த மோட்டார் எங்கே போகும்? ரீவைண்டிங் கடைக்கு. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் லீவு நாட்களில் நான் உட்கார்ந்து பார்த்தது உண்டு. அந்த அண்ணன் பத்தாவது தாண்டாதவர். மோட்டாரைத் திறந்து ஸ்டேட்டரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காயில் கட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான். ‘தம்பி, இது பேஸ் போய் எரிஞ்சது. உங்க சித்தப்பா மோட்டார் மேல தப்பு இல்ல, ஃபியூஸ் மேலதான் தப்பு’ என்று சொல்லிவிடுவார்.

எப்படித் தெரியும்? இதோ இப்படி. ஸ்டார் கனெக்‌ஷனில் ஓடும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போய்விட்டால், மீதி இரண்டு பேஸின் ஒயிண்டிங் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு சுமையை இழுக்கும். மூன்றாவதில் கரண்டே இல்லை. ஆகவே திறந்து பார்த்தால் இரண்டு பங்கு காயில் கருகிக் கிடக்கும், ஒரு பங்கு புதுசு போலப் பளபளக்கும். டெல்டாவில் ஓடும் மோட்டாராக இருந்தால் கதை தலைகீழ். ஒரு ஒயிண்டிங் நேராக லைனில் நிற்கும், மற்ற இரண்டும் சீரியஸில் சேர்ந்து அதற்குப் பேரலலாக நிற்கும். முதலாவது மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு கரண்டை வாங்கும். அது மட்டும் கருகும், மற்ற இரண்டும் தப்பிக்கும். மூன்றுமே ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, லோ வோல்டேஜ், இல்லை பம்ப்பில் மணல் அடைத்து இறுகியிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெடித்திருந்தால் இன்சுலேஷன் கோளாறு.

எவ்வளவு அழகான பாடம்! ஸ்டார், டெல்டா, சீரியஸ், பேரலல் எல்லாம் நாம் நாலாவது செமஸ்டருக்குள் படித்தவைதான். ஆனால் கருகிய ஒயிண்டிங்கை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நம் மெஷின் லேபில் மோட்டார் எரியாது. எரிய விடவும் மாட்டார்கள். நோ-லோட் டெஸ்ட், பிளாக்ட் ரோட்டார் டெஸ்ட், சர்க்கிள் டயகிராம், சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங். நல்ல உடம்பை மட்டுமே பார்த்த டாக்டர் மாதிரி வெளியே வருகிறோம்.

இப்போது உடனே ‘அப்ப படிப்பு வேஸ்ட், கடைக்காரர்தான் கெட்டிக்காரர்’ என்று நான் சொல்லப் போவதாக நினைக்காதீர்கள். அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. கடையில் இன்னொன்றையும் பார்த்தேன்.

ரீவைண்டிங் செய்பவர் பழைய காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணுவார். கம்பியின் எனாமலைச் சுரண்டி கேஜ் பார்ப்பார். எத்தனாவது ஸ்லாட்டிலிருந்து எத்தனாவது ஸ்லாட்டுக்குப் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு அதே மாதிரி கட்டையில் சுற்றி, ஸ்லாட்டில் பேப்பர் வைத்து இறக்கி, மூங்கில் ஆப்பு அடித்து, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பல்பு வெளிச்சத்துச் சூட்டில் காய வைப்பார். தண்ணீருக்குள் இருக்கும் சப்மெர்சிபிள் என்றால் வார்னிஷ் கிடையாது, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஸ்லாட் ஸ்லாட்டாக இழுப்பார். பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

ஆனால் அந்த மோட்டார் இதற்கு முன்பே யாரோ ஒருவரால் தப்பாகச் சுற்றப்பட்டிருந்தால்? அவர் எண்ணுவது தப்பையே எண்ணுவது. அதே தப்பு மறுபடி ஸ்லாட்டுக்குள் போகும். சுற்று குறைந்தால் ஃபிளக்ஸ் ஏறும், கோர் திணறும், லோடு இல்லாமலேயே கரண்டு அதிகம் இழுக்கும், சூடாகும், ஆறு மாதத்தில் மறுபடி கடை. ‘இந்த மோட்டாருக்கு ராசி இல்லை தம்பி’ என்று அண்ணன் சொல்வார். ராசி இல்லாமல் போனது மோட்டாருக்கு இல்லை, கணக்குக்கு! 36 ஸ்லாட், 4 போல் என்றால் ஒரு போலுக்கு 9 ஸ்லாட். முழு பிட்ச் என்றால் ஒன்றிலிருந்து பத்து. ஒரு போலுக்கு ஒரு பேஸுக்கு மூன்று ஸ்லாட். வோல்டேஜ், ஃபிரீக்வென்சி, ஃபிளக்ஸ் தெரிந்தால் சுற்று எத்தனை என்று 4.44 ஃபார்முலா சொல்லிவிடும். பழைய காயில் சொல்வது சரியா தப்பா என்று சரிபார்க்க நம்மால் முடியும். அவரால் முடியாது. எரிந்த மோட்டாரைப் படிக்க அவரால் முடியும். நம்மால் முடியாது. இரண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். ஆனால் ஒருவர் கடைக்குள் ஒருவர் நுழைந்ததில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கொட்டித் தீர்த்தது. அடுத்த இரண்டு மூன்று நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் புகுந்தது. மோட்டார் கொட்டகை மூழ்கினால் என்ன ஆகும் என்று நம்மில் எலக்ட்ரிக்கல் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். தண்ணீரில் மூழ்கிய மோட்டார் செத்த மோட்டார் அல்ல. அவசரப்பட்டு ஸ்விட்ச் போட்டால்தான் அது சாகும். திறந்து, சேற்றைக் கழுவி, பேரிங்கை மாற்றி, நன்றாக உலர்த்தி, மெக்கரில் இன்சுலேஷன் பார்த்து, குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்டுகிறதா என்று உறுதி செய்து, பிறகு ஓட்டினால் பிழைத்துவிடும். ரீவைண்டிங் செலவு மிச்சம். அந்தச் செலவு ஒரு சிறு விவசாயிக்கு எவ்வளவு பெரிய தொகை என்று கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வேலைக்கு என்ன வேண்டும்? ஒரு மெக்கர், ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு பேரிங் புல்லர், தெரிந்த நாலு பேர். பாலிடெக்னிக் லேப்களில் மெக்கர் எங்கே இருக்கிறது? பீரோவில். சாவி எங்கே? அது வேறு கதை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோதும் இதே கதைதான் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெள்ள நிவாரணம் என்றால் நாம் பிஸ்கட் பாக்கெட்டும் பழைய துணியும் திரட்டுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அதை ஆர்ட்ஸ் காலேஜ்காரர்களும் செய்வார்கள். மெக்கரை அவர்கள் கொண்டுவர மாட்டார்கள்.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். இதைச் சொன்னவுடன் வகுப்பிலேயே எழுந்த முதல் குரல்: ‘அப்ப ஐ.டி.ஐ.க்கும் நமக்கும் என்னடா வித்தியாசம்? நாம சூப்பர்வைசர் ஆகப் போறவங்க!’

இந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு வியாதி! கையில் கிரீஸ் படுவது கீழானவன் வேலை என்கிற எண்ணம் நம் ஊருக்குப் புதுசல்ல. பாகூருக்கே ஒரு பழைய கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க வர்ம பல்லவன் காலத்தில் பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. இன்றைய பாஷையில் கல்லூரி. அதை நடத்த மூன்று ஊர்களையே மானியமாகக் கொடுத்தார்கள். பாகூர்ச் செப்பேடுகள் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வது அதைத்தான். நம்ம ஏரியாவில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லூரி! காலர் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே போதித்தது வேதமும் சாஸ்திரமும். அந்த மானியம் இன்றுவரை நமக்குத் தெரிவது யாரால்? செம்பைத் தகடாக அடித்து, எழுத்து பிசகாமல் வெட்டி, வளையத்தில் கோத்த கையால். அந்தக் கை அந்த வித்தையை வித்யாஸ்தானத்தில் கற்றிருக்காது. ஏதோ ஒரு பட்டறையில் கற்றது. படிப்பு ஒரு தெருவில், வேலை ஒரு தெருவில். இரண்டையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவருவதற்காகத்தான் பாலிடெக்னிக் என்ற ஒன்றே ஏற்பட்டது. அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நாம் மறுபடி தெருவைப் பிரிக்கிறோம்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலையைச் செய்யும் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மண்ணைப் பிசைந்த கைக்கு! சூப்பர்வைசர் கனவில் இருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இரண்டாவது குரல்: ‘அதுக்குத்தான் அப்ரண்டிஸ் இருக்கே.’ இருக்கிறது. 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. 1973 திருத்தத்தில் டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். ஒரு வருஷம் கம்பெனியில் பயிற்சி. ஆனால் அது படிப்பு முடிந்த பிறகு. மூன்று வருஷம் ராவிய துண்டை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு நாலாவது வருஷம் நிஜத்தைப் பார் என்பது என்ன நியாயம்? தவிர, கற்றுக்கொள்ள வேண்டிய ஆலைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லையே 2020-இல் மூடிவிட்டார்கள். எத்தனை ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் உருவான இடம் அது!

மூன்றாவது குரல் ஆசிரியர்களுடையது. அதில் நியாயம் இருக்கிறது, சிரிக்காமல் கேட்க வேண்டும். வெளியார் மோட்டாரைக் கொண்டுவந்து கெட்டுப்போனால் யார் பொறுப்பு? பையனுக்கு ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது? ஒர்க்‌ஷாப்பில் ஆள் பற்றாக்குறை. சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை. இதில் ஷாக் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிறது. பதினெட்டு வயசுப் பையன்களிடம் 415 வோல்ட்டை ஒப்படைத்துவிட்டு ‘பார்த்துக்கோங்கடா’ என்று போக முடியாது. அதனால் எரிந்த மோட்டாரைத் திறப்பது, சுற்றுவது, உலர்த்துவது எல்லாம் சப்ளை இல்லாத மேஜையில் நாம் செய்யலாம். சப்ளை கொடுக்கும் கடைசி அரைமணி நேரம் மட்டும் ஆசிரியர் கூடவே நிற்கட்டும். பொறுப்பு விஷயத்தில், ‘மாணவர் பயிற்சிக்காகத் தருகிறேன், கூலி இல்லை, உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போயிற்று. எப்படியும் பழைய இரும்புக்குப் போட இருந்த மோட்டாரைத் தர ஊரில் நூறு பேர் இருப்பார்கள்.

சிலபஸ் விஷயம்தான் வேடிக்கை. சிலபஸில் இடம் இல்லை என்கிறோம். கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறதே, அது யாருக்காக? அதை என்ன செய்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடையில் ரெடிமேடாக வாங்குகிறோம். ரிப்போர்ட்டும் பைண்டிங்கும் சேர்த்து ஒரே ரேட். ஐந்து பேர் சேர்ந்து காசு போட்டு, போன வருஷம் வேறு கல்லூரியில் ஓடிய அதே ‘தானியங்கி ரயில்வே கேட்’டை வாங்கி வந்து, வைவாவுக்கு முந்தின இரவு உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறோம். ரயிலே போகாத கரையாம்புத்தூரிலிருந்து வருகிற பையன் ரயில்வே கேட் செய்கிறான்! அந்தக் காசில் கம்பியும் வார்னிஷும் வாங்கி ஒரு நிஜ மோட்டாரைச் சுற்றியிருக்கலாம். ‘தப்பாகச் சுற்றிய மோட்டாரைக் கணக்கால் கண்டுபிடித்தல்’ என்பதைவிட நல்ல புராஜெக்ட் தலைப்பு எது?

கொரோனா காலத்தில், 2020-21-இல், ஒர்க்‌ஷாப் பிராக்டிகலையே செல்போனில் காட்டினார்கள் என்று அப்போது படித்த சீனியர்கள் சொல்வார்கள். வேறு வழியில்லாத காலம் அது, குறை சொல்ல முடியாது. இப்போது வழி இருக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, நடக்கிற இடங்களைச் சொல்கிறேன். புனேவுக்குப் பக்கத்தில் பாபல் என்று ஒரு கிராமம். இந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருந்த டாக்டர் கல்பாக் அதை விட்டுவிட்டு 1983-இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமம் தொடங்கினார். பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருஷப் படிப்பு. வெல்டிங், ஒயரிங், கோழி வளர்ப்பு, மண் பரிசோதனை எல்லாம் உண்டு. அவர்களுடைய பிராக்டிகல் என்பது ஊர்க்காரர்களுக்குத் தேவையான வேலை. ஊர்க்காரர் காசு கொடுத்து வாங்குவார். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பார். மாஸ்கோவில் விழுந்த அந்த இரண்டாம் பாதியை பாபலில் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள்! ஐதராபாத்தில் 1968-இல் ஏற்பட்ட சி.ஐ.டி.டி. போன்ற டூல் ரூம்களிலும் பயிற்சியும் உற்பத்தியும் ஒரே கூரைக்குக் கீழேதான்.

அவ்வளவு தூரம் ஏன்? ஆரோவில் நமக்கு ஒரு பஸ் தூரம். 1989 முதல் அங்கே எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. சிவில் நண்பர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். சுடாத மண் கல் செய்யும் பயிற்சி தருகிறார்கள். முதல் பாடமே மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது, முகர்வது, ஈரமாக்கி உருட்டுவது, கையைக் கழுவும்போது எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று கவனிப்பது. இவ்வளவிலேயே மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று ஒரு மதிப்பு வந்துவிடும். பிறகு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, கையால் இயக்கும் பிரஸ்ஸில் அமுக்கி, நாலு வாரம் ஈரத்தில் வைத்தால் கல். அந்த மாதிரிக் கல்லால் கட்டிய ஆரோவில் விசிட்டர்ஸ் சென்டருக்கு 1992-இல் ஹசன் பாத்தி விருது கொடுத்தார்கள். நம் சிவில் லேபில் மண்ணைச் சல்லடையில் போட்டு ஆட்டுகிறோம், கிராஃப் போடுகிறோம். அந்தக் கிராஃபை விரலால் உணர்ந்தவர் யார்?

மாணவியருக்கு ஒரு தனி வார்த்தை. வீட்டில் ஸ்பானரைத் தொட்டால் ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா’ என்று பிடுங்குகிறார்கள். இங்கே குரூப்பாகப் பிராக்டிகல் செய்யும்போது பையன்கள் டூலைப் பிடிக்க, நீங்கள் ரீடிங் எழுதுகிறீர்கள். மூன்று வருஷமும் ரீடிங். காயில் சுற்றும் வேலைக்கு முரட்டு பலம் வேண்டாம். பொறுமையும் விரல் நுணுக்கமும்தான் வேண்டும். குரூப்புக்கு ஒரு மோட்டார் என்று வந்தால் முதலில் கையை நீட்டுங்கள். பையன்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை பெரிதல்ல. ஆண்டுதோறும் கல்ச்சுரலுக்கும் டூருக்கும் முதல்வரைப் போய்ப் பார்க்கிறோம். இந்த வருஷம் அதோடு சேர்த்து இதையும் கேளுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்கட்டும். ஊரிலிருந்து ஒரு ரீவைண்டிங் அண்ணனை அழைத்து, முன் பெஞ்சில் நாற்காலி போட்டு, கெஸ்ட் லெக்சரருக்குத் தருகிற அதே மரியாதையும் அதே தொகையும் தரட்டும். கடைசி வருஷத்தில் விருப்பப்பட்ட ஒரு பேட்ச் மட்டுமாவது ரெடிமேட் புராஜெக்டுக்குப் பதில் ஒரு நிஜ மோட்டாரை எடுக்கட்டும். மெக்கானிக்கல்காரர்கள் பம்ப் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து தரலாம். சிவில்காரர்கள் மூழ்காத உயரத்தில் மோட்டார் மேடை டிசைன் செய்யலாம். மழைக்காலம் வருவதற்குள் மெக்கர் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையாவது கண்டுபிடித்து நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள்.

முதல் மோட்டார் தயார். எங்கள் தெருவில் ஒரு ஐந்து ஹெச்.பி., மூன்று முறை சுற்றி மூன்று முறையும் எரிந்தது, மாட்டுக் கொட்டகையில் சும்மா கிடக்கிறது. சொந்தக்காரரிடம் கேட்டாயிற்று, ‘எடுத்துட்டுப் போ தம்பி, ஓடினா சந்தோஷம்’ என்றார். பேரவை சரி என்றால் வருகிற வாரமே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். லக்கேஜ் டிக்கெட்டுக்கு மட்டும் யாராவது பங்கு போடுங்கள்.